கோணல் மேடையில் இல்லை

அண்மையில் ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழகக் காலத்து நட்பு. ஓய்வு நேரங்களில் பிளாஸ்திக் விமான மாதிரியுருக்களைச் செய்துகொண்டிருக்கும் எனது பழக்கத்தை நீண்டகாலமாகவே கேலி செய்து வந்தவர். இம்முறை கேலி செய்யவில்லை. அவரது மகனுக்கும் அதே ஈடுபாடு தொற்றிவிட்டதாம். "ரெண்டு வருசத்திலை மூண்டு எயர்பிரஷ் வாங்கிப்போட்டான். மூண்டும் சரியில்லையாம். இப்ப நாலாவது வேணுமாம். எது திறமெண்டு ஒருக்காச் சொல்லு மச்சான்" என்றார்.

நான் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்டேன். அந்த மூன்றில் எதையாவது அவன் முழுமையாகக் கழற்றிப் பார்த்திருக்கிறானா? மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு, கேட்டுச் சொல்வதாகக் கூறித் தொடர்பைத் துண்டித்தார். அந்த உரையாடலின் எச்சமே இந்தப் பத்தி.

எயர்பிரஷ் என்பது பேனா அளவிலான ஓர் உலோகக் கருவி. வளித்தூரிகை என்று தமிழில் சொல்லலாம். மேலே வர்ணம் ஊற்றுவதற்கு ஒரு சிறு கிண்ணம். கீழே கொம்பிரசரிலிருந்து வளியைக் கொண்டுவரும் குழாய். உள்ளே முன்னிருந்து பின்வரை ஒரு நீண்ட ஊசி. ஊசியின் கூர்முனை வந்து பொருந்துமிடத்தில் நொசில் எனப்படும் கூம்பு வடிவத் துவாரம். மாதிரியுருக்களுக்குப் பயன்படும் கருவிகளில் இத்துவாரத்தின் விட்டம் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரைதான். விரலால் விசையைக் கீழே அழுத்தினால் வளி வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் ஊசி பின்வாங்க, துவாரம் திறந்து வர்ணம் வரும். நொசிலைச் சுற்றி விரைந்து பாயும் வளி முனையில் அமுக்கத்தைக் குறைத்து வர்ணத்தை இழுத்தெடுத்து, பனிப்புகார்போலத் தூளாக்கி விசிறுகிறது. கருவியின் இரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு ஏன் இத்தனை பாடு, தூரிகையால் பூசினால் ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. தூரிகையால் அற்புதம் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். 72இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட ஒரு விமானத்தின் மீது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பில் வர்ணம் பூசினால், அது உண்மையான விமானத்தின்மீது 7 மில்லிமீற்றருக்கும் மேலான தடிப்பில் வர்ணம் அப்பியதற்குச் சமன். இணைப்புக் கோடுகளும் ஆணித்தலைகளும் அதற்குள் புதைந்துபோகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜேர்மனிய மெஸஸ்மிற் 109 விமானங்களின் பக்கங்களில் புள்ளி புள்ளியாக விசிறப்பட்ட உருமறைப்பு வர்ணத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிகளின் ஓரம் 5 சென்ரிமீற்றர் அகலத்தில் மங்கி மறைவதாகக் கொண்டால், 48இல் ஒரு பங்கு மாதிரியுருவில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். 72இல் ஒரு பங்கு என்றால் அதிலும் குறைவு. அந்த ஒரு மில்லிமீற்றர் மங்கலைத் தருவதற்காகத்தான் எயர்பிரஷ்.

இவ்வளவு நுண்மையான வேலையைச் செய்யும் கருவி சற்று அசுத்தமானாலும் சண்டித்தனம் செய்யும். அதில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. வர்ணம் துப்புகிறது, வரமறுக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. உடனே கருவி மலிவானது, வர்ணம் தரமற்றது, கொம்பிரசர் போதாது என்று முடிவு கட்டுகிறோம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். எனது அனுபவத்தில், எயர்பிரஷ் பற்றிய முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் முடிகின்றன. ஒன்று, வர்ணத்தைச் சரியாகக் கரைக்காமை. மற்றையது, முதல் நாள் சரியாகக் கழுவாமை. கருவியைப் பேணுவது ஒரு வேலை, வர்ணம் அடிப்பது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடிப்படைத் தவறு என்பது எனது கருத்து. ஒன்றைக் கற்காதவனுக்கு மற்றையது வராது.

இந்தப் பாடத்தை நான் மாதிரியுருக்களிடமிருந்து கற்கவில்லை. 1990களின் முற்பகுதியில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பயிற்சிச் செய்தியாளனாகச் சேர்ந்தபோது, அங்கு ஓவியப் பிரிவில் மூத்த ஓவியர் ஒருவர் இருந்தார். புகைப்படங்களைத் திருத்துவது அவரது பணிகளில் ஒன்று. அதற்கென அவரிடம் பழைய எயர்பிரஷ் ஒன்று இருந்தது. அமைச்சர்களின் படங்களும் விளையாட்டு வீரர்களின் படங்களும் அவரது மேசைக்கு வரும். ஆயினும் அவர் அதிக நேரம் செலவிட்டது மரண அறிவித்தல் படங்களில்தான். அக்காலத்தில் பல குடும்பங்களிடம் இறந்தவரின் ஒரே படமாக இருந்தது அடையாள அட்டைப் படம். தோள்மீது பாதி முத்திரை விழுந்திருக்கும். மூலையில் மடிப்பு இருக்கும். வடக்கிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தவை வியர்வையில் ஊறி மங்கியிருக்கும். இருட்டறையில் அதற்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பிரதியின்மீது அவர் சாம்பல் நிறத்தை மெல்ல மெல்ல விசிறி, முத்திரையை மறைத்து, முகத்துக்குப் பின்னால் ஒரு மென்மையான வெளியை உருவாக்குவார்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் அவர் கருவியைக் கழுவுவார். அடுத்த படத்துக்கும் அதே சாம்பல் நிறம்தான் என்றாலும் கழுவுவார். பிறகு ஒரு துண்டுத் தாளில் நான்கைந்து புள்ளிகளையும் ஒரு கோட்டையும் விசிறிப் பார்ப்பார். அதன் பின்னரே படத்தைத் தொடுவார். அச்சுக்குப் போகும் நேரம் நெருங்க, நாங்கள் அவரது கதவருகே நின்று அவசரப்படுத்துவோம். ஒருநாள் பொறுமையிழந்து நான், "ஐயா, இன்னொருக்காக் கழுவத்தான் வேணுமே?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "தம்பி, நாளைக்கு விடியக் காலமை ஒரு வீட்டிலை இந்த முகத்தைத்தான் பேப்பரிலை தேடுவினம். அதிலை ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தா ஆர் பொறுப்பு?"

அப்போது அதை ஒரு முதியவரின் பிடிவாதமாகவே எடுத்துக்கொண்டேன். அதன் பொருள் எனக்குப் புரிவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

புரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். சில வருடங்களுக்கு முன்னர் 48இல் ஒரு பங்கு அளவிலான ஸ்பிற்பயர் விமானம் ஒன்றை நான்கு மாதங்களாகச் செய்துகொண்டிருந்தேன். விமானி அறையின் இருக்கைப் பட்டிகளைக்கூட ஒவ்வொன்றாக ஒட்டிய வேலை அது. அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு யுத்தத் தாங்கி மாதிரியுருவுக்குக் கறுப்பு அடிவர்ணம் அடித்திருந்தேன். அன்றிரவு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கிண்ணத்தில் தின்னரை ஊற்றி ஒருதரம் விசிறிவிட்டு, மிச்சத்தை நாளை பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். நாளை என்ற அந்த நாள் வரவேயில்லை. மறுவாரம் ஸ்பிற்பயரின் அடிப்புறத்துக்கு வெளிர்பச்சை கலந்த வான்நிறத்தை விசிறத் தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடங்களும் அருமை. பிறகு இறக்கையின் நடுவில் ஒரு கறுப்புச் சிதறல். துடைக்கப் போனதில் அது இன்னும் பரவியது. நொசிலுக்குப் பின்னால் காய்ந்து ஒட்டியிருந்த கறுப்பை, புதிய வர்ணத்தில் இருந்த தின்னர் இளக்கி வெளியே தள்ளியிருந்தது.

அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? முதலில் வர்ணப் போத்தலைத் திட்டினேன். பிறகு கொம்பிரசரைத் திட்டினேன். மறுநாள் புதிய எயர்பிரஷ் ஒன்றின் விலையை விசாரித்தேன். மூன்றாம் நாள்தான் கருவியைக் கழற்றி நொசிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்பு வளையம் இருந்தது. ஓவியர் ஐயாவின் கறுப்புப் பொட்டு நினைவுக்கு வந்தது.

இனி, எனது சொந்தத் தவறுகளிலிருந்து நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கரைப்பு. போத்தலில் வரும் வர்ணம் பெரும்பாலும் தூரிகைக்கானது. எயர்பிரஷ்ஷுக்கு அது ஆடை நீக்கிய பால்போல இருக்கவேண்டும். கிண்ணத்தின் சுவரில் வழிந்தால் மெல்லிய படலம் ஒன்றை விட்டுச் செல்லவேண்டும். யப்பானின் தமியா நிறுவனத்தின் அக்றிலிக் வர்ணங்களுக்கு ஒரு பங்கு வர்ணத்துக்கு ஒரு பங்கு அல்லது ஒன்றரைப் பங்கு தின்னர் என்பது நல்ல தொடக்கம். ஆனால் எல்லா அக்றிலிக்கும் ஒரே சாதி என்று நினைத்துவிடக்கூடாது. தமியாவின் வர்ணம் அற்ககோல் கலந்த தின்னரில் இணங்கிக் கரையும். ஸ்பானிய நிறுவனமான வயேஹோவின் நீர்சார் வர்ணத்தில் அதே அற்ககோலை ஊற்றினால் பால் திரைவதுபோலத் திரைந்து இறப்பர்க் கட்டியாகிவிடும். திரைந்த வர்ணத்தால் அடைபட்ட கருவியைப் "பழுதாகிவிட்டது" என்று தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன். ஒரு வகை வர்ணத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது முதல் வர்ணத்துக்குரிய திரவத்தால் முழுதாகக் கழுவிவிட்டே மாறவேண்டும்.

இரண்டாவது, அமுக்கமும் தூரமும். பொதுவான பூச்சுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். நுண்ணிய கோடுகளுக்கு வர்ணத்தை மேலும் இளக்கி, அமுக்கத்தையும் குறைத்து, கருவியை மேற்பரப்புக்கு மிக அருகே கொண்டுபோக வேண்டும். மூன்றும் சேர்ந்தே அசையவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுபவருக்குத் தண்டனை உடனே கிடைக்கும். இளகிய வர்ணத்தைக் கூடிய அமுக்கத்தில் அருகிலிருந்து விசிறினால், அது சிலந்திக் கால்கள்போல நாலாபுறமும் ஓடும். தடித்த வர்ணத்தைத் தூரத்திலிருந்து விசிறினால், வழியிலேயே காய்ந்து தூளாகி, மணற்கடதாசிபோல ஒட்டும்.

மூன்றாவது, விரல். வளியைத் திறந்த பின்னரே வர்ணத்தைத் திறக்கவேண்டும். முடிக்கும்போது வர்ணத்தை அடைத்த பின்னரே வளியை நிறுத்தவேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் முனையில் தேங்கிய துளி அடுத்த அழுத்தத்தில் சிதறலாக வெளிவரும். புதிதாக வாங்கியவர்கள் நேரே மாதிரியுருவில் இறங்காமல், நீரில் கலந்த கறுப்பு மையைக் கொண்டு பழைய பத்திரிகைத் தாளில் பழகலாம். முதலில் புள்ளிகள், பிறகு புள்ளிகளை இணைக்கும் கோடுகள், பிறகு தடிப்பாகத் தொடங்கி மெலிந்து முடியும் கோடுகள். கை அசையத் தொடங்கிய பின் வர்ணம் வரவேண்டும். வர்ணம் நின்ற பின்னும் கை சற்று அசைந்துகொண்டிருக்க வேண்டும். நாளுக்கு அரை மணி நேரம் என்று இரண்டு வாரங்கள் செய்தால், புதிய கருவி வாங்குவதால் வராத முன்னேற்றம் வரும். பத்திரிகைத் தாளுக்கு எனது வீட்டில் பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் இருக்குமானால் அதற்கு நானும் என் தொழிலும்தான் வருந்தவேண்டும்.

இனிக் கழுவுதல். நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, சுத்தமான தின்னரை ஊற்றி, விசிறலில் நிறம் அறவே இல்லாமல் போகும்வரை விசிறவேண்டும். நாள் முடிவில் அது போதாது. ஊசியை வெளியே எடுத்து, ஈரத்துணியில் பின்புறமிருந்து கூர்முனையை நோக்கி உருட்டியபடி துடைக்கவேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் துணி முனையில் கொளுவி ஊசி வளையும், கையிலும் குத்தும். உள்ளே வர்ணம் காய்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், நொசிலைக் கழற்றிவிட்டு ஊசியை முன்புறமாக எடுப்பது நல்லது. பின்னுக்கு இழுத்தால் அந்தக் காய்ந்த வர்ணம் முழுவதையும் நடுவில் உள்ள அடைப்பு வளையத்துக்குள் இழுத்துச் சென்று வைத்துவிடுவோம்.

ஓரளவு பழகியபின் கருவி தனது நோயைத் தானே சொல்லும். கிண்ணத்தில் குமிழிகள் எழுந்தால் வளி தவறான வழியில் திரும்பி வருகிறது. நொசில் தளர்ந்திருக்கலாம், அல்லது மிகையாக முறுக்கியதால் வெடித்திருக்கலாம். விசிறல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசிமுனை வளைந்திருக்கிறது. நகத்தின்மீது மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரியும். விட்டு விட்டு வந்தால் முனையில் வர்ணம் காய்ந்திருக்கிறது. தின்னரில் நனைத்த மென்தூரிகையால் ஒரு தொடுகை போதும். இவற்றை அறியாதவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, புதிய கருவி.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கடைசி ஆணி வரை கழற்றிக் கழுவவேண்டும் என்று போதிக்கும் தூய்மைவாதிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. நொசில் காகிதம்போல மெல்லிய உலோகம். அதன் புரிகள் அதிலும் நுண்மையானவை. வாரத்துக்கு நான்கு தடவை கழற்றிப் பூட்டினால், வர்ணத்தால் பழுதாவதற்கு முன்னர் ஸ்பனரால் பழுதாகும். முழுக்கருவியையும் இரவிரவாகத் தின்னரில் ஊறவைப்பதும் பேணுதல் ஆகாது. ரெப்லோன் வளையங்கள் தாங்கும், சாதாரண இறப்பர் வளையங்கள் ஊதிப்பெருத்துவிடும். வளி வால்வில் உள்ள மசகும் கழுவுண்டு போகும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தில் நீண்ட நேரம் ஊறவிட்டால் பூச்சுக்குக் கீழே உள்ள பித்தளையை அது தாக்கும். அன்றாடம் ஊசியும் கிண்ணமும், இடைக்கிடை நொசில், பிரச்சினை இருந்தால் மாத்திரம் முழுக் கழற்றல் என்பதே நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு.

நமது நாதஸ்வர வித்துவான்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாத்தியத்தின் வாயருகே மேலதிகச் சீவாளிகளோடு ஒரு சிறு ஊசியும் நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். சீவாளியில் சேரும் எச்சிலையும் தூசியையும் நீக்கிச் சரிசெய்வதற்கானது அது. நமது கோயில் வீதிகளில் தவில் தனியாக முழங்கிக்கொண்டிருக்கும் இடைவெளியில் அவர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். அதையும் வாசிப்பின் ஒரு பகுதியாகவே அவர் பயின்றிருக்கிறார். நல்ல வாத்தியம் வாங்கினால் சீவாளியைக் கவனிக்கத் தேவையில்லை என்று எந்தக் குருவும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கொம்பிரசரைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதன் மிகுந்த நகரங்களில் வாழ்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வளியை அமுக்கும்போது அது சூடேறுகிறது. பின்னர் தாங்கியிலும் குழாயிலும் குளிரும்போது அதிலிருந்த ஈரம் நீராக ஒடுங்குகிறது. அந்த நீர் நொசில் வழியாக ஒரு துளியாக வந்து விழுந்தால் வர்ணம் கெட்டது. ஆகவே ஈரம் பிடிக்கும் வடிகட்டி அவசியம். வளித்தாங்கி உள்ள கொம்பிரசராயின், வேலை முடிந்ததும் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். மழைக்காலத்தில் லக்கர் வர்ணங்கள் வெண்மை படர்ந்து மங்குவதும் இதே ஈரப்பதனால்தான். அந்த நாட்களில் வர்ணத்தைத் திட்டுவதைவிட, பொறுத்திருந்து வெயில் நாளில் அடிப்பது மேல்.

இதுவரை சொன்னவை எல்லாம் கருவியைப் பேணுவது பற்றியவை. கருவியைப் பிடிப்பவரைப் பேணுவது பற்றி நம்மவர்கள் பேசுவதேயில்லை.

ஓவியர் ஐயாவின் அறை சிறியது. ஒரு மேசை மின்விசிறி, எப்போதும் மூடியிருக்கும் ஒரு ஜன்னல். முகக்கவசம் என்ற ஒன்றை அவர் அணிந்து நான் கண்டதில்லை. அந்தக் காலத்தில் அங்கு எவருமே அணிந்ததில்லை. மாலையில் வேலை முடித்து அவர் மூக்கைச் சிந்தும்போது வெள்ளைக் கைக்குட்டையில் சாம்பல் நிறம் படிந்திருக்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். கருவிக்குள் ஒரு துகள் வர்ணம்கூடத் தங்கவிடாத அந்த மனிதர், தனது நெஞ்சுக்குள் என்ன தங்குகிறது என்று நினைத்துப் பார்க்கவில்லை. நினைப்பூட்ட நாங்களும் இருக்கவில்லை.

இன்று அந்த அறியாமைக்கு மன்னிப்பில்லை. லக்கர், எனாமல் வர்ணங்களின் ஆவி தலையிடியோடு நின்றுவிடும் விடயமன்று. மணம் இல்லை என்பதால் நீர்சார் அக்றிலிக் பாதிப்பில்லாதது என்று எண்ணுவதும் தவறு. எந்த வர்ணமானாலும் நுண்துளியாகும்போது அது நுரையீரலுக்குள் போகத் தக்கது. தூசிக்கு அணியும் துணிக்கவசம் ஆவியைத் தடுக்காது. சேதன ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அந்த வடிகட்டிகளையும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். காற்றை உறிஞ்சி வீட்டுக்கு வெளியே தள்ளும் பெட்டி ஒன்றும் வேண்டும். தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், பொறி பறக்கும் சாதாரண மின்விசிறியைக் கொண்டு அதைச் சொந்தமாகச் செய்ய முயலக்கூடாது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மாரிகாலத்தில் ஜன்னல்களை இறுக அடைத்துவிட்டு, குழந்தைகள் உறங்கும் வீட்டின் நிலக்கீழ் அறையில் விசிறுபவர்கள் இதை இன்னொருமுறை வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாலாவது எயர்பிரஷ்ஷுக்கு ஒதுக்கிய பணத்தை வேறெதற்குச் செலவிடுவது என்று கேட்பவர்களுக்கு எனது பதில் இதுதான்.

எயர்பிரஷ் நேற்றுப் பிறந்த கருவியுமல்ல. வர்ணத்தை வளியால் விசிறும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கரான பிரான்சிஸ் எட்கார் ஸ்ரான்லி 1876இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் நீராவிக் காரால் புகழ்பெற்ற சகோதரர்களில் ஒருவர் அவர். 1879இல் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் இன்னொன்றைச் செய்தார். 1890களில் சார்ள்ஸ் பேர்டிக் வடிவமைத்த கருவியின் உள்ளமைப்பைத்தான் இன்றைய எயர்பிரஷ்களிலும் பெருமளவுக்குக் காண்கிறோம். புகைப்படங்களைத் திருத்துவதுதான் இதன் பெரும் தொழிலாக இருந்தது. அந்தத் திறமை கொடிய வேலைகளுக்கும் பயன்பட்டது. ஸ்ராலினோடு மொஸ்கோக் கால்வாயோரம் நின்ற எசோவ், 1940இல் கொல்லப்பட்ட பின்னர் அதே படத்திலிருந்தும் காணாமற் போனார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் மாத்திரம் இருந்தது. 1990இல் போட்டோஷொப் வந்தது. அதற்குள்ளும் எயர்பிரஷ் என்ற பெயரில் ஒரு கருவி இருந்தது. கழுவத் தேவையில்லாத எயர்பிரஷ். சில வருடங்களில் ஓவியப் பிரிவுகளில் இருந்த உண்மையான எயர்பிரஷ்கள் அலுமாரிகளுக்குள் சென்றன.

இன்று அந்தக் கருவியை உயிரோடு வைத்திருப்பவர்களில் மாதிரியுரு செய்வோர் முக்கியமானவர்கள். அதனாலேயே அவர்களை நோக்கி ஒரு சந்தை விரிந்திருக்கிறது. யூடியூப்பில் வாரத்துக்கொரு புதிய எயர்பிரஷ் அறிமுகமாகிறது. காணொளியில் வருபவர் அதைத் திறந்து காட்டி, நான்கு கோடுகள் விசிறி, மெச்சி முடிக்கிறார். ஆறு மாதம் கழித்து அதே கருவி எப்படி இருக்கிறது என்று காட்டுபவர் அரிது. மலிவான கருவிகளை நான் பழிக்கவில்லை. பழகுவதற்கு அவை போதும். ஆனால் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதற்குரிய ஊசியும் நொசிலும் தனியாகக் கிடைக்குமா? யப்பானின் இவாத்தா, ஜேர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்ரீன்பெக், அமெரிக்காவின் பட்ஜர் போன்ற நிறுவனங்கள் உதிரிப்பாகங்களைத் தனித்தனியே விற்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்கும் நடுத்தரக் கருவி, கிடைக்காத உயர்தரக் கருவியைவிட மேல்.

ஓவியர் ஐயா ஓய்வுபெற்ற அன்று அவரது எயர்பிரஷ்ஷை எவரும் பொருட்படுத்தவில்லை. ஓவியப் பிரிவில் அப்போது கணினிகள் வந்துவிட்டிருந்தன. அவர் அதை ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டதைக் கண்டேன். புறப்படுமுன் அதைக் கழுவித்தான் வைத்திருந்தார். இனி அதனால் ஒரு படமும் திருத்தப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ நண்பர் மீண்டும் அழைத்தார். மகன் மூன்றையும் கழற்றிப் பார்த்தானாம். ஒன்றில் ஊசிமுனை வளைந்திருந்தது. இன்னொன்றில் நொசில் வெடித்திருந்தது. மூன்றாவதில் காய்ந்த வர்ணத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஓர் ஊசியும் ஒரு நொசிலும் தபாலில் வருகின்றனவாம். "காசு மிச்சம்" என்று மகிழ்ந்தார்.

சுவாசக் கவசம் வாங்கினானா என்று கேட்டேன். மீண்டும் அந்த மௌனம்.